நாற்பத்தொன்றாம் நோயாளியின் இரண்டு பதில்கள்

மனித குலத்துக்கும் பூஞ்சைக்கும் நடந்த நெடும்போரில் வெற்றிக்கொடி நாட்டப்பட்ட இடம் இதுவே என்று சைகோன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் இரண்டாம் மாடி வாசலில் ஒரு மரப்பலகை சொல்லும். பொன்னெழுத்து. மழைக்காலத்தில் அந்தப் பலகையிலேயே பூஞ்சை பூத்துவிடும். பேராசிரியர் வியென் படியேறி வருவதற்குள் அதைத் துடைத்துவைப்பதுதான் துப்புரவுக்காரம்மாவின் காலை வேலைகளில் முதலாவது.

இங்கே சொல்லப்போவது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் தேதி இருக்கிறது. நேரம் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட படிவம் இருக்கிறது. வேறெந்தப் பேய்க் கதைக்கும் இல்லாத ஒன்று இதற்கு உண்டு... மூன்று பிரதிகள்.

நோய் தலைவலியாகத்தான் ஆரம்பிக்கும். மாத்திரை போட்டுக்கொண்டு வயலுக்குப் போவார்கள். பத்தாம் நாள் பேச்சு குழறும். முதுகில் ஊசி போட்டு நீரெடுத்துப் பார்த்தால், மூளையைச் சுற்றிய நீரில் பூஞ்சை முளைத்திருக்கும். இதற்குப் பழைய மஞ்சள் மருந்து ஒன்று உண்டு. சொட்டுச் சொட்டாக ஏறும்போது பல் கிடுகிடுக்கும், கட்டில் ஆடும். அதோடு ஒரு புது மாத்திரையும் சேர்த்தால் பிழைப்பார்களா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. யாருக்குப் புது மாத்திரை, யாருக்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்கி ஒட்டிய உறை ஒன்று முடிவுசெய்யும். நாடு முழுக்க அந்த மாத்திரை எந்தக் கடையிலும் கிடையாது. பேராசிரியர் அறைக்குப் பக்கத்திலுள்ள இரும்பு அலமாரியில் மட்டும் இருந்தது.

தோவா அங்கே ஆராய்ச்சி நர்ஸ். அந்நாட்டின் தெற்கில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு, பிறந்த வரிசைதான் பெயர். ஆகவே எல்லோருக்கும் அவள் நாலாமக்கா. ஆராய்ச்சியில் சேர்ந்த பத்தாவது வாரம் நோயாளிகளிடம் தொலைபேசியில் பேசி முடிவு எழுதுவது அவள் பொறுப்பு. கேள்விகள் இரண்டே இரண்டு.

ஒன்று: அன்றாட வேலைகளுக்கு உங்களுக்கு யாருடைய உதவியாவது தேவைப்படுகிறதா?

இரண்டு: இந்த நோய் உங்களுக்கு வேறு ஏதாவது தொந்தரவை மிச்சம் வைத்திருக்கிறதா?

இரண்டுக்கும் 'இல்லை' என்றால் முழு குணம். இந்த இரண்டு கேள்விக்கு வந்து சேர வெளிநாட்டுப் பெரியவர்கள் மூன்று வருடம், நான்கு நாடுகளில், நல்ல நல்ல ஓட்டல்களில் கூடிப் பேசினார்களாம்.

அந்த வியாழக்கிழமை தோவாவின் மேசையில் ஒரே ஒரு படிவம் பாக்கி. நாற்பத்தொன்றாம் எண், புது மாத்திரை விழுந்தவர். பெயர் துவான். வாத்து மேய்ப்பவர், ஆற்றுக்கு அக்கரையில் ஊர். வண்டிகளையும் ஏற்றிச்செல்லும் பெரிய படகில்தான் போக வேண்டும். வார்டில் எல்லோருக்கும் எட்டாமண்ணன். நடுக்கம் வரும்போதுகூட, "ஏய், கட்டிலைப் பிடிங்கப்பா, இது ஊருக்கே போயிடும் போலிருக்கு!" என்று சிரிக்கவைப்பவர்.

மூன்றாவது வாரம் அவர் ஊருக்குப் போயிருந்தார். பதிவேட்டில் 'வீடு சென்றார்' என்று இருந்தது. அந்த வாரம் தோவா ஒரு கல்யாணத்துக்காக விடுப்பில் இருந்தாள்.

இந்த 'வீடு சென்றார்' என்பதில்தான் வினை. அங்கே பிழைத்தவரும் வீடு செல்வார், சாகப்போகிறவரும் வீடு செல்வார். வெளியில் செத்தவரை வீட்டு வாசலுக்குள் கொண்டுபோகக் கூடாது. அந்த உயிர் வீடு சேராது, செத்த இடத்திலேயே நின்றுவிடும். அதனால் கடைசி மூச்சு மிச்சமிருக்கும்போதே வண்டியில் ஏற்றி, வாயில் குழாயோடு, ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே வீட்டுக் கட்டில்வரை கொண்டுபோவார்கள். அங்கே குழாயை எடுப்பார்கள். அப்படிப் போகிறவர் பெயருக்குப் பக்கத்தில் பதிவேட்டில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி வைப்பது நர்சுகளின் வழக்கம்.

வெளிநாட்டு விருந்தாளிகள் வருவதற்கு முன்பு பேராசிரியர் வியென் அந்தப் புள்ளிகளைப் பார்த்தார்.

"இது என்ன, அம்மை போட்ட மாதிரி?"

சொன்னார்கள்.

"விஞ்ஞானப் பதிவேட்டில் மூடநம்பிக்கைக்கு இடமில்லை" என்றார். அன்றோடு புள்ளி ஒழிந்தது.

வியாழன் மாலை நான்கு மணிக்கு வெளிநாட்டுக் கண்காணிப்புக் குழு கணினித் திரையில் வரும். கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாத்திரைக் குழுவில் இன்னும் ஒரே ஒரு சாவு கூடினாலும் மாத்திரையை நிறுத்து. அன்றைக்கே அலமாரிக்குப் பூட்டு. இன்னொரு விதியும் உண்டு. தொலைபேசியில் பதில் கிடைக்காதவர் இறந்தவர்.

எது எப்படி ஆனால் என்ன என்று தோவா இருந்திருப்பாள். ஆனால் ஆறு நாளாக ஐந்தாம் எண் கட்டிலில் படுத்திருந்தவன் கியெம். அவள் தம்பி. வீட்டுக் கடைக்குட்டி. உறையில் அவனுக்கு மாத்திரை விழுந்தது. நாலு நாள் மாத்திரை உள்ளே போனபின், அன்று காலை முதல்தடவையாகக் கண்ணைத் திறந்து, "அக்கா... ஐஸ் காப்பி" என்றான். அவள் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். இன்னும் பத்து நாள் மாத்திரை வேண்டும்.

எட்டாமண்ணன் தொலைபேசியை எடுத்தால் தம்பிக்கு மாத்திரை. எடுக்காவிட்டால் பூட்டு.

பிற்பகல் 2.10. தோவா எண்ணைச் சுழற்றினாள். ஏழு தடவை மணி அடித்து நின்றது.

2.25. ஏழு தடவை. நின்றது.

பக்கத்து அறையில் பேராசிரியர் குழுவுக்கு உரையாற்ற ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் தெரியும் பாகத்துக்குக் கோட்டும் கழுத்துப் பட்டையும். தெரியாத பாகத்துக்கு அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும். மழையில் முழுக்கால் சட்டை நனைந்து மின்விசிறிக்கடியில் காய்ந்துகொண்டிருந்தது. தலையை நீட்டினார்.

"என்ன தோவா, நாற்பத்தொண்ணு என்னாச்சு?"

"எடுக்கல சார்."

"எடுக்க வைம்மா. மனிதகுலமே காத்திருக்கு."

"மனிதகுலத்துக்கிட்ட அவங்க பக்கத்து வீட்டு நம்பர் இருந்தா வாங்கிக் குடுங்க சார்" என்று சொல்ல வாயெடுத்தாள். அடக்கிக்கொண்டாள்.

2.40. ஏழு தடவை. நின்றது.

2.55. ஏழு தடவை... நின்றது.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. பட்டப்பகலில் வார்டில் விளக்குப் போட்டார்கள். தோவா கும்பிடாத சாமியெல்லாம் கும்பிட்டாள். கும்பிட்டுக்கொண்டே மறுபடி சுழற்றினாள். சுவர்க் கடிகாரத்தில் மணி 3.12.

முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"ஹலோ!"

தண்ணீர் பலகையில் மோதும் சத்தம். அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம். ஃபுஸ்... கொஞ்சம் இடைவெளி. ஃபுஸ்... யாரோ சைக்கிளுக்குக் காற்றடிப்பது மாதிரி.

"எட்டாமண்ணே? நீங்களா?"

"நாலாம் தங்கச்சியா? மெதுவாப் பேசு. காது இப்ப நல்லாத்தான் கேக்குது."

அதே குரல்.

"அண்ணே... உயிரோட இருக்கீங்களா?"

விதிப்படி கேட்கக் கூடாத கேள்வி. கேட்டுவிட்டாள். அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு.

"உன் படிவத்துல அப்படி ஒரு கேள்வி இருக்கா?"

"இல்லண்ணே. ரெண்டே கேள்விதான்."

"அப்ப அதைக் கேளு."

அவள் பேனாவை எடுத்தாள். அன்றாட வேலைகளுக்கு யாருடைய உதவியாவது...

"வேண்டாம்" என்றார் பாதியிலேயே. "யாரும் தூக்க வேண்டாம், துடைக்க வேண்டாம், ஊட்ட வேண்டாம். எல்லாரும் விட்டுட்டாங்க."

'இல்லை' என்ற கட்டத்தில் டிக். கோணலாக விழுந்தது.

"சாப்பிடறீங்களாண்ணே?"

"பசியே இல்ல."

"வெளிய தெருவ போறீங்களா?"

"வெளியதான் இருக்கேன். படகுல. தனியா."

தனியாகப் படகில் செல்கிறார் என்று ஓரத்தில் எழுதினாள். இதைவிட என்ன வேண்டும்? இரண்டாம் கேள்வி. வேறு ஏதாவது தொந்தரவு...

ஃபுஸ்...

"தலைவலி சுத்தமாப் போச்சு. மூச்சு வாங்கறதில்ல. ஒரு தொந்தரவும் இல்ல."

டிக். முடிந்தது. தம்பிக்குப் பத்து நாள்! அவள் வைத்துவிடலாம். வைத்திருக்க வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் அவர். "படகு அக்கரைக்குப் போகல."

"மழைண்ணே. ஆத்துல தண்ணி ஜாஸ்தி. எப்ப ஏறினீங்க?"

ஃபுஸ்... ஃபுஸ்...

"அது என்னண்ணே சத்தம்?"

"அந்த ஆளை நிறுத்தச் சொல்லு தங்கச்சி. கை வலிக்கும் அவனுக்கு."

"எந்த ஆளை?"

"பக்கத்துலயேதான் உக்காந்திருக்கான். சொன்னா கேக்க மாட்டேங்கறான். நீ சொன்னா கேப்பான்."

தோவாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"சரிண்ணே... சொல்றேன்."

"கடைக்குட்டி என் கட்டில்லதானே படுத்திருக்கான்?"

அவள் பேனா நின்றது.

தம்பி வந்து ஆறு நாள்தான் ஆகிறது. எட்டாமண்ணன் போய் ஏழு வாரம். ஐந்தாம் எண் கட்டில்... ஆமாம். அவருடையதுதான்.

"உங்களுக்கு... யார் சொன்னாங்க?"

"நேத்து வந்தான். படகுத்துறைக்கு. ஏறட்டுமான்னு கேட்டான்."

ஃபுஸ்...

"இடமில்ல, போடான்னு விரட்டிட்டேன்."

ஃபுஸ்...

"கால் வெளிய கிடக்கு பாரு அவனுக்கு. இழுத்துப் போத்து. குளிருது."

தோவா தொலைபேசியை மேசையில் போட்டாள். ஓடினாள். பன்னிரண்டு அடி.

கியெம் தூங்கிக்கொண்டிருந்தான். போர்வைக்கு வெளியே ஒரு கால்.

தொட்டாள். ஜில்லென்றிருந்தது.

பாதம்... நனைந்திருந்தது.

விரலிடுக்கில் சேறு.

ஆறு நாளாக அந்தக் கால் தரையில் பட்டதில்லை.

திரும்பி ஓடிவந்து தொலைபேசியை எடுத்தாள். தூரத்தில் படகின் ஊதல், நீளமாக ஒன்று.

பிறகு... ஒன்றுமில்லை.

மணி 3.19.

பேராசிரியர் வாசலில் நின்றார், ரப்பர் செருப்போடு. "எடுத்துட்டாங்களா?"

தோவா படிவத்தை நீட்டினாள். அவர் இரண்டு டிக்கையும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"முழு குணம்! நம்மகிட்ட இதுவரை ஒண்ணுகூட இல்லையே! இங்க பாரு, ஓரத்துல என்ன எழுதியிருக்க... தனியாகப் படகில் செல்கிறார். அடடா."

நான்கு மணிக்குக் குழு கூடியது. நான்கு முப்பத்தைந்துக்கு 'தொடரலாம்' என்றது. அலமாரி திறந்தே இருந்தது. ஐந்து மணிக்கு ஐந்தாவது நாள் மாத்திரையைத் தோவா தன் கையாலேயே தம்பிக்குக் கொடுத்தாள். அதற்கு முன் அவன் காலைக் கழுவிவிட்டாள். சேற்றைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆறு நாள் கழித்து வார்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் உப்புப் போட்ட வாத்துமுட்டைக் கூடை. அக்குளில் துவைத்து மடித்த ஆஸ்பத்திரிப் போர்வை. துவானின் மனைவி ஹூங்.

"நாலாமக்கா, இதை அவருக்குப் போத்தி அனுப்பினீங்க. வீட்டுல வச்சிருக்கக் கூடாதுன்னாங்க. நாப்பத்தொன்பதாம் நாள் கழிஞ்சதும் குடுத்துட்டுப் போலாம்னு..."

"எதுக்கு நாப்பத்தொன்பதாம் நாள்?"

ஹூங் அவளை ஒருமாதிரி பார்த்தாள். "அவர் செத்ததுக்குத்தாங்க்கா. போன வியாழனோட நாப்பத்தொன்பது. மூணு மணிக்குப் படத்துக்கு முன்னால சோறு வச்சோம்."

தோவா போர்வையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"வியாழக்கிழமை அவரோட போனை... யார் வச்சிருந்தீங்க?"

"போனா? அது அவர் சட்டைப் பையிலயே இருந்துச்சு. சட்டையோட சேத்துப் பெட்டியில வச்சுப் புதைச்சுட்டோமே."

வண்டியில் துவானோடு போனவர் யாவ். இருபத்திரண்டு வருடமாக ரப்பர் பையை அமுக்கி அமுக்கி வலது கை மட்டும் தடித்துப்போன மனிதர். தோவா அவரைப் படிக்கட்டுக்கடியில் பிடித்தாள். புகைத்துக்கொண்டிருந்தார்.

"யாவ் அண்ணே. எட்டாமண்ணன் எங்க செத்தாரு?"

"வீட்டுல. எல்லாரும் வீட்டுலதான் சாவாங்க."

"எங்க செத்தாரு?"

யாவ் சிகரெட்டை அணைத்தார். வெகுநேரம் அணைத்துக்கொண்டே இருந்தார்.

"படகுல நின்ன வண்டிக்குள்ள. நட்டாத்துல. நாடி நின்னுபோச்சு. வாட்சைப் பாத்தேன்... மூணு பன்னிரண்டு. பொண்டாட்டி முன்னால டிரைவர் பக்கத்துல உக்காந்திருந்துச்சு. ஆத்துல போயிட்டாருன்னு சொன்னா, வாசல்ல கொட்டகை போட்டுல்ல கிடத்துவாங்க? அதான்... நிறுத்தாம அமுக்கிட்டே போனேன். வீட்டுக் கட்டில்ல படுக்கவச்சு, அதுக்கப்புறம்தான் கையை எடுத்தேன். முப்பத்தெட்டு நிமிஷம். இதுல என்ன தப்புங்கற? எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கேன்!"

"அவர் உங்களை நிறுத்தச் சொன்னாரு."

"யாரு?"

தோவா சொன்னாள். யாவ் தன் வலது கையைப் பார்த்தார். அது தானாக மூடித் திறந்துகொண்டிருந்தது. அவர் அதை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"தூக்கத்துலயும் இப்படித்தான்" என்றார். "ஏழெட்டு வாரமா."

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் அந்தப் படகில் ஏறினார்கள். நட்டாற்றில் யாவ் கம்பியோரம் போய் நின்று, ஐந்து விரலையும் விரித்துத் தண்ணீருக்குக் காட்டினார். "அண்ணே, நிறுத்திட்டேன். பாருங்க, கையை எடுத்துட்டேன். வீட்டுக்குப் போங்க." பக்கத்தில் மீன்கூடை வைத்திருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். படகு அக்கரையில் இடித்து நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். பலகையில் ஈரமான காலடிகள் கிடந்தன. மழை நாள். யாருடையதாகவும் இருக்கலாம். அதில் ஒரு ஜோடி வெறுங்கால், ஹூங் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது.

தோவா ஆராய்ச்சிக்காரர்களிடம் உடனே சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்தான். ஆனால் தம்பிக்கு இன்னும் மாத்திரை பாக்கி இருந்தது. மாத்திரை தொடங்கிய பதினான்காம் நாள், கடைசி மாத்திரை அவன் தொண்டையில் இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பேராசிரியர் அறைக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். சேற்றையும் சொன்னாள்.

பேராசிரியர் வியென் படிவத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"தோவா. பேய்னு ஒண்ணு இருக்கா?"

"தெரியல சார்."

"இல்லை. விஞ்ஞானத்துல இல்லை. ஆகவே போன்ல பேசினது பேய் இல்லை. பேய் இல்லைன்னா, உயிருள்ள மனுஷன். உயிருள்ள மனுஷன் ரெண்டு கேள்விக்கும் 'இல்லை'ன்னு பதில் சொல்லியிருக்கார். படிவம் சரியாத்தானே இருக்கு?"

"சார், அவரைப் புதைச்சாச்சு!"

"பதிவேட்டுல என்ன போட்டிருக்கு?"

"வீடு சென்றார்."

"அப்புறம் என்ன?"

அன்று சாயங்காலமே பேராசிரியர் தன் அறைக்கு வேறு தொலைபேசி வரவழைத்துக்கொண்டார். வார்டுத் தொலைபேசி அடித்தால் அவர் எடுப்பதில்லை. சிவப்புப் புள்ளி வைக்கலாமா என்று நர்சுகள் கேட்டதற்கு, "பென்சிலில் வைங்க" என்றார்.

கியெம் பிழைத்தான். இரண்டு கண்ணிலும் பார்வை பாதிதான் திரும்பியது. சட்டைப் பொத்தான் போட அக்கா வேண்டும். ஐஸ் காப்பி மட்டும் சிந்தாமல் குடிப்பான். பத்தாவது வாரம் தோவா விதிப்படி அவனிடமும் அந்த இரண்டு கேள்வியைக் கேட்டாள். 'ஆம்' என்றும் 'ஆம்' என்றும் எழுதினாள்.

ஆராய்ச்சி மறுவருடம் முடிந்தது. புது மாத்திரை பழையதைவிட மேல் என்றும் சொல்ல முடியவில்லை, கீழ் என்றும் சொல்ல முடியவில்லை என்று முடிவு வந்தது. வாசலில் பலகை மாட்டினார்கள். அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. புது மாத்திரை சாப்பிட்ட ஐம்பத்து நான்கு பேரில், யாருடைய உதவியும் தேவைப்படாமல், எந்தத் தொந்தரவும் மிச்சமில்லாமல் முழுதாகக் குணமானவர் ஒருவர்.

நாற்பத்தொன்றாம் எண்.